சிப்பந்திகளின் ஓய்வு நாள் யாருக்குச் சொந்தம்?

கடைகளிலும், மில்களிலும், பாங்கிகளிலும், கம்பெனி ஆபீசுகளிலும் வேலை செய்யும் சிப்பந்திகளை, அவர்களுக்கென்று விடப்பட்ட ஓய்வு நாளில் மேனேஜர்களும் சூப்பர்வைசர்களும் செல்போனில் கூப்பிட்டு வேலை ஏவலாமா, கூடாதா என்பதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை எழுதும்படி தோழர்கள் சிலர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சாமியையும் சாஸ்திரத்தையும் ஜாதியையும் பற்றி எழுதிக் கொண்டிருக்கிற பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நம்மைக் கேட்டால், இது சாமி, சாஸ்திரம், ஜாதி ஆகிய மூன்றோடும் ஒட்டிக் கொண்டிருக்கிற விஷயம் என்றே சொல்லுவோம்.

கொங்கு நாட்டு நகரமொன்றில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தோழர் எழுதியிருப்பதின் சாரமாவது: அவருக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு. செவ்வாய் காலை ஏழு மணிக்கெல்லாம் கடையின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய விற்பனை உத்தரவுகள் வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்ததற்கு அடையாளமாக எல்லோரும் பதில் போடவேண்டும். ஒன்பது மணிக்கு, "அந்தச் சட்டைத்துணிப் பெட்டியை எந்த ரேக்கில் வைத்தாய்?" என்று ஒரு போன். பதினொரு மணிக்கு, போன வாரத்துப் பில் ஒன்று ஒத்துவரவில்லை என்று ஒரு போன். மூன்று மணிக்கு, கூட்டம் அதிகமாயிருக்கிறது, ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போ என்று ஒரு போன். தாயாரை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துக் கொண்டு போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமையில், ஓ.பி. வரிசையில் நின்று கொண்டே நாலு தடவை பதில் சொன்னதில் நம்பர் கூப்பிட்டது காதில் விழாமல், மறுபடியும் கடைசியில் போய் நிற்க நேர்ந்ததாம். போனை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்றால், மறுநாள் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தீபாவளிப் போனஸ் பட்டியல் எழுதுகிற சமயத்தில், "உனக்குக் கடை மேல் அக்கறை கிடையாது" என்று ஒரு வார்த்தை வரும். "எனக்கு ஓய்வு நாள் இருக்கிறதா, இல்லையா?" என்பது தான் அத்தோழர் நம்மைக் கேட்கிற கேள்வி.

இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது.

இதற்கு மேனேஜர்கள் சொல்லுகின்ற முதல் சமாதானம், "ஒரு நிமிஷம் தானே பேசினேன், அதில் இவனுக்கு என்ன நஷ்டம்?" என்பதாகும். நிமிஷத்தைக் கடிகாரத்தில் பார்த்தால் ஒரு நிமிஷம் தான். கடன் கொடுத்தவன் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தால், அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காவிட்டாலும் வீட்டுக்காரனுக்குச் சோறு இறங்குமா? எப்பொழுது கூப்பிடுவார்களோ என்று செல்போனை இடுப்பிலே செருகிக் கொண்டு திரிகிறவனுக்கு, அன்றைய தினம் முழுதும் அப்படித்தான். அவன் ஊருக்குப் போகமுடியாது. சினிமாவுக்குப் போனால் பாதியில் எழுந்து வெளியே வரவேண்டும். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மனம் கடையிலே இருக்கும். ஆகவே மேனேஜர் எடுத்துக் கொண்டது ஒரு நிமிஷமல்ல, ஒரு நாள். அதையும் கூலி கொடுக்காமல் எடுத்துக் கொண்டார்.

கூலி என்பது தான் என்ன? ஒரு மனிதன் தன்னுடைய உழைப்பில் இத்தனை மணி நேரத்தை, இத்தனை நாளை, இன்ன விலைக்கு இன்னாருக்கு விற்கிறான் என்கிற ஒப்பந்தமே அன்றி வேறல்ல. ஆளை விற்கவில்லை. அரிசிக் கடைக்குப் போய் ஆறு படிக்குக் காசு கொடுத்துவிட்டு, கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கையில் ஏழாவது படியையும் சாக்கில் போட்டுக் கொண்டு போகிறவனுக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம்? "ஒரு பிடி தானே அள்ளினேன்" என்று அவன் சொன்னால் கடைக்காரர் விட்டுவிடுவாரா? அந்தக் கடைக்காரரே தன் கணக்குப்பிள்ளையின் ஏழாவது நாளில் கையை விடும்போது மாத்திரம் அதற்கு நிர்வாகம் என்று பெயர் வந்துவிடுகிறது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவேண்டும். மனுதர்ம சாஸ்திரத்தின் எட்டாவது அத்தியாயத்தில், சூத்திரன் விலைக்கு வாங்கப்பட்டவனாயிருந்தாலும் வாங்கப்படாதவனாயிருந்தாலும் அவனை ஊழியம் செய்ய வைக்கலாமென்றும், எஜமானனே அவனை விடுதலை செய்துவிட்டாலும் அடிமைத்தனம் அவன் பிறவியோடு கூடவந்த குணமாகையால் அது அவனை விட்டு நீங்காதென்றும் கண்டிருக்கிறது. விட்ட பிறகும் விடுதலை கிடையாது என்கிற இந்தத் தத்துவத்திற்கும், லீவு கொடுத்த பிறகும் லீவு கிடையாது என்கிற தத்துவத்திற்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று நாம் கேட்கின்றோம். இன்றைக்கு எந்த மேனேஜரும் மனுவைப் படித்துவிட்டு டெலிபோன் செய்வதில்லை என்பது நமக்குத் தெரியும். மேனேஜர்களில் பெரும்பாலோர் அந்தச் சாஸ்திரப்படி சூத்திரப் பட்டம் சுமத்தப்பட்டவர்கள் தான். ஆனால் சம்பளம் கொடுப்பவன் ஆளையே வாங்கிவிட்டான் என்கிற எண்ணம், படிக்காமலே பரம்பரையாக இந்நாட்டு மக்களின் இரத்தத்தில் ஊறிப் போயிருக்கிறது. கூப்பிடுகிறவனுக்கும் ஊறியிருக்கிறது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவனுக்கும் ஊறியிருக்கிறது.

தஞ்சை ஜில்லாவிலே பண்ணையாளுக்கு வேலை நேரம் என்பதாக ஒன்று இருந்ததில்லை. கோழி கூப்பிடுமுன் வயலுக்குப் போய், இருட்டிய பிறகு குடிசைக்குத் திரும்பி, ஒரு வாய்க் கஞ்சி குடிக்க உட்கார்ந்தானானால், ஆண்டை வீட்டில் பசு கன்று போடுகிறது என்று சேரிக்கு ஒரு ஆள் வரும். மடை உடைத்துக் கொண்டது என்று ஆள் வரும். விருந்தாளி வந்திருக்கிறார்கள், விறகு பிளக்கவேண்டும் என்று ஆள் வரும். "இப்பொழுது முடியாது, காலையில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அந்த ஊரில் எவனும் பிழைத்திருக்க முடியாது. 1952-இல் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு தான் அவனை நினைத்தபடி துரத்துவதற்குச் சட்டத்தில் ஒரு தடை ஏற்பட்டது. அன்று சேரிக்கு நடந்து வந்த அந்த ஆள், இன்று நம்முடைய சட்டைப் பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொண்டிருக்கிறான். அவனை நாமே காசு கொடுத்து வாங்கி, மாதாமாதம் ரீசார்ஜும் செய்து வைத்துக் கொண்டிருக்கிறோம்.

மனிதன் கதி இப்படியிருக்க, சாமிகளின் கதியைப் பாருங்கள். பெரிய கோவில்களில் பகல் உச்சிக்காலப் பூஜை ஆனதும் நடையைச் சாத்திவிடுகிறார்கள். சாயங்காலம் வரைக்கும் திறப்பதில்லை. காசியிலிருந்து வந்தவனானாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடி வந்தவனானாலும் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியது தான்; கதவைத் தட்டி, "ஒரு நிமிஷம், ஒரே ஒரு விண்ணப்பம்" என்று கேட்க எவனுக்கும் தைரியம் கிடையாது. இராத்திரியானால் பள்ளியறை, பால், தாலாட்டு வேறு. கல்லுக்கும் செம்புக்கும் தூக்கம் வருமென்று நம்பிக் கட்டளை எழுதி வைக்கிற முதலாளி, தன் கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போன எலும்பும் சதையுமான மனிதனுக்குத் தூக்கம் வருமென்று மாத்திரம் நம்பமாட்டேன் என்கிறார்! கிறிஸ்தவர்களுடைய வேதத்திலோ, ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்ததாக எழுதியிருக்கிறது. சர்வ வல்லமையும் உள்ளவருக்கே ஏழில் ஒரு நாள் ஓய்வு வேண்டியிருந்தது என்றால், பதினையாயிரம் ரூபாய்ச் சம்பளத்தில் ஐந்து பேரைக் காப்பாற்றுகிறவனுக்கு வேண்டாமா?

நிற்க, இந்நாட்டுத் தொழிலாளிக்கு வார ஓய்வு என்பது எந்தச் சாமியும் கொடுத்ததல்ல, எந்த முதலாளியும் தர்மத்திற்கு விட்டதுமல்ல. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்று ஒருவர் இருந்தார். ஜோதிராவ் பூலே அவர்கள் 1873-இல் தோற்றுவித்த சத்திய சோதக சமாஜத்தைச் சேர்ந்தவர் அவர். அதாவது, நமது சுயமரியாதை இயக்கம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னமேயே, புரோகிதனும் வேண்டாம், பிறவி உயர்வு தாழ்வும் வேண்டாம் என்று சொன்ன கூட்டத்தார். 'தீனபந்து' என்ற பத்திரிகையை அவர் நடத்தினார். 1884-இல் பம்பாய் மில் தொழிலாளர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓய்வு வேண்டும், பகலில் அரைமணி நேரம் சாப்பிட விடவேண்டும் என்று கேட்டார். ஆறு வருஷம் விடாமல் கேட்டார். 1890 ஏப்ரலில் பதினாயிரம் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் பெண் தொழிலாளிகள் இருவர் எழுந்து பேசினார்கள். அந்த வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி மில் முதலாளிகள் சங்கத்தார் வாரம் ஒரு நாள் ஓய்வுக்கு ஒப்புக் கொண்டார்கள். மறு வருஷம், 1891-இல், பாக்டரி சட்டத்திலும் அது ஏறிற்று. புரோகிதத்தை எதிர்த்த ஒரு மனிதர் தான் இந்நாட்டுத் தொழிலாளிக்கு ஓய்வு நாளையும் வாங்கிக் கொடுத்தார் என்பதை, பகுத்தறிவுக்காரர்களால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் கவனிப்பார்களாக.

அதற்குப் பிறகு சட்டங்களுக்குக் குறைவில்லை. ஏழு நாளைக்கு ஒரு தடவை தொடர்ந்தாற்போல் 24 மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1921-இல் செய்த ஒப்பந்தத்தில் இந்தியா 1923-இலேயே கையெழுத்திட்டது. கடை, ஓட்டல், தியேட்டர் சிப்பந்திகளுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்று 1942-இல் ஒரு சட்டம் வந்தது. சென்னை மாகாணக் கடைச் சட்டம் 1947-இல் வந்தது. தமிழ்நாட்டில் கடைகளை வருஷம் முழுவதும், இரவும் பகலும் திறந்து வைக்கலாம் என்று 2019-இல் சர்க்கார் அனுமதி கொடுத்த உத்தரவில் கூட, சிப்பந்திகளுக்கு முறை வைத்து வாரம் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும், இன்றைக்கு யார் யாருக்கு ஓய்வு என்பதைக் கடையில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் வாரத்தில் ஆறு நாளைக்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்றும், கூடுதல் நேரத்திற்கு இரட்டிப்புக் கூலி என்றும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் என்ன? இந்தச் சட்டங்களில் ஏறக்குறைய எல்லாம், மனிதன் வேலை ஸ்தலத்திற்குள் நுழைந்தால் வேலை, வெளியே வந்தால் ஓய்வு என்று நினைத்து எழுதப்பட்டவை. கடைச் சுவரில் தொங்கும் பலகை "இவருக்கு இன்று ஓய்வு" என்கிறது. அவர் பையிலிருக்கும் போனோ, "இல்லை, வேலை" என்கிறது. இன்ஸ்பெக்டர் வந்தால் பலகையைத் தான் பார்ப்பார். போனை எவர் பார்க்கப் போகிறார்கள்?

2025 ஜனவரியில், லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனியின் தலைவர், தம்மால் சிப்பந்திகளை ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டதும், வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் தான் பார்த்துக் கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் கேட்டதும் தேசமெங்கும் பேசப்பட்டது. அவர் மேல் நமக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றும் கோபமில்லை. மற்ற முதலாளிகள் மனதில் வைத்திருப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவே. ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு விஷயம் கவனிக்கத் தக்கது. கம்பெனியில் செலவிடாத நேரமெல்லாம் வீண் நேரம் என்பது ஒன்று. படிப்பதும், தூங்குவதும், சிநேகிதரோடு பேசுவதும், சங்கத்துக்குப் போவதும், கூட்டத்துக்குப் போவதும், ஏன், இந்தப் பத்திரிகையைப் படிப்பதுங்கூட அவர் கணக்கில் சேராது. படித்து யோசிக்க நேரமில்லாத ஜனங்கள் எவருக்குச் சௌகரியம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, அதில் பெண் என்பவள் வீட்டில் உட்கார்ந்து பார்க்கப்படுகிற ஒரு பொம்மையாக வருகிறாள். அதே கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு நாள் என்று பெயருள்ள அந்த நாளில் தான் வாரத்துத் துணி முழுவதும் துவைக்க வேண்டும், மாவு ஆட்டவேண்டும், மாமியாரை வைத்தியரிடம் அழைத்துப் போகவேண்டும். இதற்கு நடுவில் மேனேஜரும் கூப்பிட்டால், ஒரே நாளில் இரண்டு எஜமானர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். இந்த இடத்தில் நமது ஆண் தோழர்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் போக நமக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம்மை மேனேஜர் கூப்பிடக்கூடாது என்று கொடி பிடிக்கிற நாம், அதே ஞாயிற்றுக்கிழமையில் நாற்காலியில் சாய்ந்து கொண்டு "காப்பி எங்கே?" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறோமே, அந்த அம்மாளுக்கு ஓய்வு நாள் எது? அவளுக்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு இருக்கிறது? நம் வீட்டில் நாம் ஒரு மேனேஜராக இருந்து கொண்டு வெளியிலுள்ள மேனேஜரைத் திட்டுவதற்கு நமக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவு தான்.

"அவசரமென்று ஒன்று இல்லையா? ஆஸ்பத்திரி, மின்சாரம், குடிதண்ணீர், தீயணைப்பு இவைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்று படுத்துக் கொள்ள முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியாது தான். புயலில் கம்பம் சாய்ந்து ஊரே இருட்டாயிருக்கும்போது லைன்மேனைக் கூப்பிடுவதை நாம் குற்றம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிறவனுக்குப் பகுத்தறிவு இல்லை. ஆனால் புயல் வருஷத்தில் எத்தனை நாள் வருகிறது? இராத்திரியிலும் லீவிலும் ஆள் தேவைப்படுகிற வேலையானால், இந்த வாரம் இன்னார், அடுத்த வாரம் இன்னார் என்று முறை எழுதி வைத்து, முறையிலிருப்பவன் கூப்பிடப்படாவிட்டாலும் அவன் காத்திருந்ததற்குக் கூலி கொடுத்து, கூப்பிட்டால் பதிலுக்கு வேறு ஒரு நாள் ஓய்வு கொடுப்பது தானே கிரமம்? அது தான் வேலை. மற்றவன் நிம்மதியாகத் தூங்கலாம். அதை விட்டுவிட்டு எல்லோரையும் எப்பொழுதும் கூப்பிடலாம் என்று வைத்துக் கொள்வது அவசரத்திற்கான ஏற்பாடல்ல. ஆள் கூலியை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு.

நமக்கு வந்த கடிதங்களில் கண்ட டெலிபோன் அழைப்புகளில் உயிர் போகிற அவசரம் ஒன்றுகூட இல்லை. துணிப்பெட்டி எந்த ரேக்கில் இருக்கிறது என்பது ஒரே ஒரு சிப்பந்தியின் மண்டைக்குள் மாத்திரம் இருக்குமானால், அது அந்தக் கடையின் கோளாறு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதி வைத்தால் தீர்ந்தது. கூட்டம் அதிகமாயிருப்பது கடைக்கு லாபமான விஷயம். அந்த லாபத்தில் இன்னொரு ஆளை வைப்பது தானே? தீபாவளிக்கு முன் வாரம் கூட்டம் வரும் என்பது என்ன, வானத்திலிருந்து திடீரென்று விழுகிற செய்தியா? மழை வெள்ளத்தினால் நாளைக்குக் கடை திறக்கவில்லை, வந்து ஏமாறாதே என்று சிப்பந்தியின் நன்மைக்காகச் சொல்வதை நாம் ஆட்சேபிக்கவில்லை. இரட்டிப்புக் கூலியும் மாற்று ஓய்வும் தருகிறோம், இஷ்டமிருந்தால் வா, இல்லையென்றால் பாதகமில்லை என்று கேட்பதையும் ஆட்சேபிக்கவில்லை. இல்லை என்று சொன்னவனைப் பிறகு பழிவாங்காமலிருந்தால் தான் அதற்குக் கேட்பது என்று பெயர். பழிவாங்கினால் அதற்குப் பெயர் ஏவுவது.

"சிப்பந்திகளே விருப்பத்தோடு தான் பேசுகிறார்கள், நன்றி விசுவாசம் இருக்காதா?" என்பது இன்னொரு வாதம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். யார் யாருக்கு உப்பிட்டார்கள் என்று கொஞ்சம் கணக்குப் பார்த்தால் விஷயம் தலைகீழாகப் போகும். பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்கிற கீதை உபதேசமும் இங்கே தான் நன்றாய் வேலை செய்கிறது. சிப்பந்திக்குத் தான் அந்த உபதேசம்; கடை முதலாளி பலனைக் கருதாமல் ஒரு முழத் துணியாவது கிழித்துக் கொடுத்ததுண்டா? பயத்தினால் எடுக்கிற போனை விருப்பம் என்று சொல்வது, ஆண்டையைக் கண்டு தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டவனை மரியாதை தெரிந்தவன் என்று மெச்சினது போல் தான்.

பிற தேசங்களில் என்ன நடந்திருக்கிறது என்பதையும் பார்க்கலாம். பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர், வேலை நேரத்துக்கு வெளியே தம் சொந்த செல்போனை எடுக்கவில்லை என்பதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அத்தேசத்து உச்ச நீதிமன்றம் 2004-இல், வேலை நேரமல்லாத சமயத்தில் சொந்தப் போனில் கிடைக்காமலிருப்பது குற்றமேயல்ல என்று தீர்ப்புச் செய்தது. ஆம்புலன்ஸ்காரனுக்கே அப்படியென்றால், ஜவுளிக்கடைப் பெட்டிக்கு என்ன அவசரம் என்று வாசகர்களே யோசிக்கட்டும். பின்பு 2016-இல் அங்கே சட்டம் செய்து, 2017 ஜனவரி முதல் 50 பேருக்கு மேற்பட்ட கம்பெனிகள் இது பற்றித் தொழிலாளரோடு பேசியாக வேண்டும் என்று வைத்தார்கள். பேசுங்கள் என்று சொல்வதோடு நின்றுவிட்டது அதில் ஒரு பலவீனம் என்பது நமது அபிப்பிராயம். போர்த்துக்கல் 2021-இல் செய்த சட்டம் இன்னும் நேரானது: ஓய்வு நேரத்தில் சிப்பந்தியைத் தொந்தரவு செய்யாமலிருப்பது முதலாளியின் கடமை, தவிர்க்க முடியாத விபரீதம் நேர்ந்தாலொழிய. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், ஓய்வு நேரத்தில் வரும் அழைப்பைப் பார்க்கவோ பதில் சொல்லவோ மறுக்கச் சிப்பந்திக்கு உரிமை உண்டு. அந்த மறுப்பு நியாயமற்றதா என்று பார்க்கும்போது, கூப்பிட்ட காரணம் என்ன, அதற்குக் கூலி உண்டா, அவர் பொறுப்பு எத்தகையது, வீட்டில் அவர் கவனிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்களா என்பதையெல்லாம் பார்க்கவேண்டும்.

நம் நாட்டில் பார்லிமெண்டில் சுப்ரியா சுலே அவர்கள் இதற்காகத் தனி மெம்பர் மசோதா ஒன்றை 2018-இலும், மறுபடி 2025-இலும் கொண்டு வந்தார். சர்க்கார் மசோதாவாக ஒன்றும் வரவில்லை. தமிழ்நாட்டைப் பற்றி நமக்கு நம்பிக்கை இல்லாமலில்லை. நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார நாற்காலி போடவேண்டும் என்று 2021-இல் இதே கடைச் சட்டத்தைத் திருத்தியது தமிழ்நாடு தான். அதற்கு முன், "முதலாளி முன்னால் உட்காருவதா?" என்று கேட்டவர்கள் ஏராளம். அப்படியே 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினதும் இதே சட்டசபை தான். தொழிலாளர் சங்கங்கள் எல்லாம் எழுந்த பிறகு அந்த மே தினத்தன்று அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். நமக்கு வேண்டிய சர்க்காரானாலும் கேட்டால் தான் கிடைக்கும், கேட்காவிட்டால் உள்ளதும் போகும் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி. கடைச் சட்டத்தில் நாற்காலிக்கு ஒரு பிரிவு சேர்த்ததைப் போல, ஓய்வு நாளில் போனை எடுக்காததற்காக எவனையும் தண்டிக்கக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்ப்பதில் என்ன கஷ்டம் என்று மந்திரிகளைக் கேட்கின்றோம்.

மேனேஜர்களுக்கும் சொல்லுகிறோம், அவர்கள் நமக்கு விரோதிகளல்ல. அவர்களிலும் பெரும்பாலோர் சம்பளக்காரர்களே. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளியோ, சென்னையிலுள்ள பெரிய ஆபீசோ அவரைக் கூப்பிட்டு நேற்றைய விற்பனைக் கணக்கைக் கேட்கிறது. அவர் உடனே தனக்குக் கீழே உள்ளவனைக் கூப்பிடுகிறார். அவன் தனக்குக் கீழே உள்ளவனைக் கூப்பிடுகிறான். ஜாதி ஏணியும் இப்படித்தான் நிற்கிறது. மேலே இருப்பவன் மிதித்தாலும் காலுக்குக் கீழே மிதிப்பதற்கு ஒருவன் இருக்கிறான் என்கிற ஆறுதலில் ஒவ்வொருவனும் ஏணியைத் தாங்கிப் பிடித்துக் கொண்டிருக்கிறான். மேலேயிருந்து வந்த போனுக்கு, "சம்பந்தப்பட்டவருக்கு இன்று ஓய்வு, நாளைக் காலை தகவல் தருகிறேன்" என்று ஒரே ஒரு மேனேஜர் சொன்னால், அன்றைய தினம் அவருக்குக் கீழே பத்துப் பேருக்கு ஓய்வு கிடைக்கும். சிப்பந்திகளும் தனித்தனியாகப் போனை அணைத்து வைத்துத் தனித்தனியாக மாட்டிக் கொள்ளாமல், ஒரு கடையிலுள்ளவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, ஓய்வு நாளில் எவரும் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்து கொள்வது நல்லது. ஒருவனைப் போனஸ் பட்டியலில் குறைக்கலாம். இருபது பேரையும் குறைப்பது சுலபமல்ல.

இயக்கத் தோழர்களில் கடை வைத்திருப்போர், அச்சாபீஸ் வைத்திருப்போர், விசைத்தறி ஓட்டுவோர், லாரி விடுவோர் அநேகர் இருக்கிறார்கள். மேடையில் மனுவைக் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் பத்தரை மணிக்குக் கணக்குப்பிள்ளைக்குப் போன் செய்கிறவர்களும் அவர்களில் உண்டு என்று நமக்குத் தெரிய வந்திருக்கிறது. அவர்களுக்கு நமது வேண்டுகோள்: சர்க்கார் சட்டம் வருகிற வரையில் காத்திருக்க வேண்டாம். நம் கடையில் ஓய்விலிருப்பவரைக் கூப்பிடுவதில்லை என்றும், தப்ப முடியாமல் கூப்பிட்டால் அரை நாள் கூலியும் மாற்று ஓய்வும் உண்டென்றும், கடை வாட்ஸ்அப் குழுவில் வேலை நேரத்துக்கு வெளியே உத்தரவு போடுவதில்லை என்றும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படம் மாட்டுகிற இடத்தில் (நம் தோழர்கள் கடையில் அந்த இடம் காலியாய்த்தானே இருக்கும்) ஒட்டி வைக்கட்டும். அப்படிச் செய்கிற கடைகளின் பெயரும் ஊரும் நமக்கு எழுதினால் வெளியிடத் தயாராயிருக்கிறோம். செய்யாத கடைகளைப் பற்றிச் சிப்பந்திகளும் எழுதலாம். எழுதுகிறவர் பெயரையும் கடையின் பெயரையும் நாம் வெளியிடமாட்டோம், ஆனால் அந்தக் கடைத் தோழருக்கு நேரில் கடிதம் எழுதுவோம். அதையும் வேலை நாளில் தான் தபாலில் போடுவோம்.